செயற்கைக்கோளுக்குத் தெரியாத தெரு

(விருத்தாசலத்தில் நிகழ்த்தப்பட்ட நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த நினைவுச் சொற்பொழிவு யாருடைய நினைவில் நடக்கிறதோ, அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம். அவர் எழுத்தாளர் அல்ல. நமது மன்றத்தின் கூட்டங்களுக்குப் பாய் விரித்தவர், நோட்டீஸ் ஒட்டியவர், கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பீங்கான் ஷெட்டுகளில் வேலை பார்த்தார். களி அரைக்கிற இடத்தில் இருந்தார், அச்சில் வார்த்தார், சூளையில் அடுக்கினார், வெந்ததை இறக்கினார். கடைசிக் காலத்தில் பாலக்கரையிலிருந்து வீடு வரை நடப்பதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். காசநோய் என்று சொல்லி ஒரு முறைக்கு மேல் மருந்து கொடுத்தார்கள். சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் அதே மருந்துதான். என்ன வேலை செய்கிறாய் என்று அவரிடம் எந்த மருத்துவரும் கேட்கவில்லை. அவருடைய இறப்புச் சான்றிதழிலும் அந்த வேலை எழுதப்படவில்லை.

2019 ஆகஸ்டில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் நாசா செயற்கைக்கோள் தரவுகளை வைத்து கிரீன்பீஸ் அமைப்பு உலகின் கந்தக டை ஆக்சைடு மையங்களைப் பட்டியலிட்டிருந்தது. மனிதர்களால் வெளியாகும் அந்த வாயுவில் 15 விழுக்காட்டுக்கு மேல் இந்தியாவிலிருந்து வருகிறது, உலகில் முதலிடம் இந்தியாவுக்கு என்றது அறிக்கை. சிங்ரௌலி, தால்சேர், கோர்பா, சந்திரபூர் என்று நாட்டின் மையங்களைச் சொன்ன இடத்தில் நமது பக்கத்து ஊரான நெய்வேலியின் பெயரும் இருந்தது. சென்னையும் இருந்தது. அந்தச் செய்தியை நாங்கள் மன்றத்தில் படித்துக் காட்டினோம். கடைசி வரிசையிலிருந்து அண்ணன் கேட்டார்:

“மேலேர்ந்து பாக்குறவனுக்கு நெய்வேலி தெரியுது. நம்ம ஷெட்டு தெரியுதா தம்பி?”

அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. சிரித்து மழுப்பினோம். அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்றைய பேச்சு. பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது என்பதை அவர் மனைவி உட்கார்ந்திருக்கும் இந்த அரங்கிலேயே ஒத்துக்கொள்கிறோம்.

வானத்துக் கண் எப்படிப் பார்க்கிறது

முதலில் விஞ்ஞானத்தை நமது மொழியில் புரிந்துகொள்வோம். நிபுணர்களுடைய சங்கதி என்று ஒதுங்கி நின்றால் நம்மைப் பற்றிய முடிவை அவர்கள் எடுத்துவிடுவார்கள்.

2004 ஜூலையில் நாசா ஏவிய ஆரா என்ற செயற்கைக்கோளில், நெதர்லாந்தும் பின்லாந்தும் செய்துகொடுத்த ஓமி என்ற கருவி இருக்கிறது. 2017 அக்டோபரில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய சென்டினல்-5பி கோளில் ட்ரோபோமி என்ற கருவி இருக்கிறது. சூரிய ஒளி பூமியில் பட்டுத் திரும்பி மேலே போகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு வாயுவும் அந்த ஒளியில் தனக்கே உரிய அலைநீளங்களை விழுங்கிக்கொள்கிறது. கந்தக டை ஆக்சைடு புற ஊதா ஒளியில் ஒரு பகுதியை விழுங்கும். வண்டிப் புகையிலும் மின் நிலையப் புகையிலும் வருகிற நைட்ரஜன் டை ஆக்சைடு வேறொரு பகுதியை விழுங்கும். மேலே வந்து சேர்ந்த ஒளியில் எது குறைகிறது என்று கணக்குப் போட்டு, கீழே எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறார்கள். காற்றில் மிதக்கும் தூசியும் புகையும் ஒளியை எவ்வளவு மங்க வைக்கின்றன என்பதை மோடிஸ் போன்ற வேறு கருவிகள் அளக்கின்றன. அதிலிருந்து பிஎம் 2.5 என்னும் நுண்துகளின் அளவைக் கணிக்கிறார்கள்.

இந்தக் கண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. ஆலை வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டியதில்லை. தணிக்கைக்கு ஆள் வருகிற நாளில் புகையை அடக்கி வைத்துவிட்டு மறுநாள் திறந்துவிடுகிற தந்திரம் அதனிடம் எளிதில் செல்லாது, ஏனென்றால் அது தினமும் வருகிறது. அதன் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவனம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொடுக்கும் அறிக்கைக்கு எதிரே வைக்க, ஏழைகளின் கையில் இப்படி ஒரு சாட்சி இதற்கு முன் இருந்ததில்லை.

சட்டம் போட்டால் புகை குறைகிறதா என்பதை இந்தச் சாட்சி சொல்லுமா? சொல்லும். சொல்லியும் இருக்கிறது. 2017-இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓமி தரவை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2007-க்குப் பிறகு சீனாவின் கந்தக டை ஆக்சைடு 75 விழுக்காடு குறைந்தது, இந்தியாவில் 50 விழுக்காடு கூடியது என்பது அதன் முடிவு. அந்தக் காலத்தில் சீனா நிலக்கரி எரிப்பதைக் குறைக்கவில்லை, கூட்டியது. ஆனால் மின் நிலையப் புகைபோக்கிகளில் கந்தக நீக்கக் கருவிகளை மாட்டியது, மாட்டியவற்றை ஓடவும் வைத்தது. அந்த வித்தியாசம் வானத்திலிருந்து தெரிந்தது.

நெய்வேலிக்கு எழுதிய சட்டம்

இந்தியாவும் சட்டம் போட்டது. 2015 டிசம்பர் 7-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின் நிலையங்களுக்குப் புதிய புகை வரம்புகளை அறிவித்தது. இரண்டு ஆண்டில் நிறைவேற்ற வேண்டும் என்றது. 2017 வந்தது, 2022 வரை தள்ளினார்கள். 2021-இல் மின் நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்து மேலும் தள்ளினார்கள். 2022-இல் மறுபடி தள்ளினார்கள். 2024 கடைசியில் இன்னொரு முறை. 2025 ஜூலையில் வந்த அறிவிப்பு, மூன்றாவது வகையில் வரும் நிலையங்களுக்கு, புகைபோக்கியின் உயரம் விதிப்படி இருந்தால் கந்தக வரம்பே பொருந்தாது என்று விலக்குக் கொடுத்துவிட்டது. நாட்டின் அனல் மின் நிலையங்களில் முக்கால் பங்குக்கு மேல் இந்த மூன்றாவது வகைதான்.

வகை பிரித்த முறையைக் கவனியுங்கள். தலைநகர்ப் பகுதிக்கோ பத்து லட்சம் மக்கள்தொகை உள்ள நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் முதல் வகை. கடுமையாக மாசுபட்ட பகுதி என்றோ காற்றுத் தரத்தை எட்டாத நகரம் என்றோ பட்டியலில் உள்ள இடத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் இரண்டாம் வகை. மற்றதெல்லாம் மூன்றாம் வகை. விருத்தாசலத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் எழுபதாயிரத்தைச் சற்றுத் தாண்டியது. பத்து லட்சம் நுரையீரல்கள் ஒரே இடத்தில் கூடினால்தான் அவசரம், எழுபதாயிரம் என்றால் ஆகட்டும் பார்க்கலாம் என்பதுதான் இந்தப் பிரிப்பின் பொருள். சமூகவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வகைப்படுத்துகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, உயிரின் விலையை எழுதுகிற பேனாவும் அவர்களிடம் இருக்கிறது. வகை பிரித்து வரிசையில் நிறுத்தப்பட்ட அனுபவம் நமக்கு நிறையவே உண்டு.

விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, கருவி உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் தரையில் அளந்த கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது. தரையில் அளந்ததைப் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. கந்தக டை ஆக்சைடு புகைபோக்கியை விட்டு வெளியேறிய பிறகு அப்படியே நிற்பதில்லை. காற்றில் மிதந்து போகும் வழியில் சல்பேட்டாக மாறுகிறது. சல்பேட் ஒரு நுண்துகள். பல நூறு கிலோமீட்டர் தாண்டி எங்கோ ஒரு குழந்தையின் மூச்சில் பிஎம் 2.5 ஆக நுழைகிறது. வாயுவை மட்டும் அளந்தால் அந்தப் பயணம் கணக்கில் வராது. புகைபோக்கியை உயர்த்துவது பக்கத்து வீட்டுக் குப்பையைத் தெருக்கோடியில் கொட்டுவது போன்றது. குப்பை குறைவதில்லை, பெருக்குகிற ஆள் மாறுகிறார்.

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட் திறன் கொண்ட அது 2020-இல் மூடப்பட்டது. அதே காலத்தில் 1000 மெகாவாட் திறனுள்ள புதிய நிலையம் இயங்கத் தொடங்கியது. இரண்டாம் அனல் மின் நிலையம் 1470 மெகாவாட். விரிவாக்கங்கள் தனி. விருத்தாசலம் வட்டத்திலேயே ஊத்தங்காலில் 250 மெகாவாட் தனியார் நிலையம் ஒன்று உண்டு. பழைய நிலையத்தை மூடிவிட்டோம், காற்று சுத்தமாகிவிட்டது என்று யாராவது மேடையில் சொன்னால், மூடியதையும் திறந்ததையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள் என்று கேட்க வானத்துத் தரவு நமக்கு உதவும். மூடுவதற்கு முந்தைய ஆண்டுகளின் சராசரியையும் பிந்தைய ஆண்டுகளின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். இது நமது பாலிடெக்னிக் பிள்ளைகளால் முடிகிற வேலைதான்.

எண்ணிக்கை குறைந்தால் புகை குறைந்ததாகுமா

இனி நகரங்களுக்கு வருவோம். 2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியது. 2017-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து 2024-க்குள் நுண்துகளை 20 முதல் 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றார்கள். பிறகு 2026-க்குள் 40 விழுக்காடு என்று மாற்றினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் பட்டியலில் உள்ளன. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி என நான்கு. விருத்தாசலமும் நெய்வேலியும் இல்லை. சென்னைக்கு மின்சாரம் வேண்டும், அந்த மின்சாரத்துக்கான புகையை நாங்கள் குடிக்கிறோம், காற்றைச் சுத்தம் செய்யும் பணம் மட்டும் சென்னைக்குப் போகிறது.

அந்தப் பணம் போன வழியையும் பாருங்கள். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் கணக்குப் பார்த்தது. திட்ட நிதியில் 64 விழுக்காடு சாலைப் புழுதிக்குச் செலவானது. தொழிற்சாலை மாசுக்கு 1 விழுக்காடு கூடப் போகவில்லை. காரணம், நகரங்களின் செயல்பாட்டை மதிப்பிடுவது பெரிய துகளான பிஎம் 10-ஐ வைத்து. எதை அளந்து மதிப்பெண் போடுகிறார்களோ அதைக் குறைக்கத்தானே பணம் போகும்? சாலைப் புழுதியை யார் பெருக்குகிறார்கள்? எந்தச் சாதியைச் சேர்ந்த பெண்கள் விடியற்காலையில் துடைப்பத்தோடு அந்தப் புழுதிக்குள் நிற்கிறார்கள்? நகரத்தின் மதிப்பெண் உயர்கிறது, பெருக்கிய அக்காவின் இருமல் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

இந்த நகரங்களில் நடவடிக்கை பலித்ததா என்று செயற்கைக்கோளை வைத்து மதிப்பிட முடியும். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்ததும் டெல்லி, மும்பையின் மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு முந்தைய ஆண்டின் அதே நாட்களைவிட 40 முதல் 50 விழுக்காடு வரை குறைந்ததை ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் காட்டியது. வண்டி நின்றால் வானம் தெளியும் என்பதற்கு அது நிரூபணம். அதே படத்தில் நாட்டின் வடகிழக்கே நிலக்கரி மின் நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்த பகுதிகளின் மேல் கறை அப்படியே இருந்தது. நகரத்து மனிதர் வீட்டுக்குள் உட்கார்ந்து, தெளிந்த வானத்தைப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் வீட்டு மின்விசிறியைச் சுழற்றிய கொதிகலன்களின் பக்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நின்றார்கள். அந்த ஆண்டு மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துச் செத்தவர்கள் யாரென்று நமக்குத் தெரியும்.

ஆனால் இந்தச் சாட்சியையும் ஏமாற்றலாம். பஞ்சாபில் வயல் தாள் எரிப்பதை அரசு செயற்கைக்கோளை வைத்துத்தான் எண்ணுகிறது. அந்தக் கோள்கள் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் கடந்துபோகின்றன. சில ஆண்டுகளாகத் தீ எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது, நடவடிக்கை வெற்றி என்றார்கள். 2024-இல் நாசாவில் பணிபுரியும் ஒரு விஞ்ஞானி, ஒரே இடத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் எடுக்கும் தென்கொரியக் கோளின் படங்களைப் பார்த்தார். கோள் கடந்துபோன பிறகு, மாலையை ஒட்டித் தீ வைக்கிறார்கள் என்பது தெரிந்தது. விவசாயியைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. அவருக்கு வேறு வழி கொடுக்காத அரசு, வழக்கும் அபராதமும் மட்டும் கொடுத்தால் அவர் நேரத்தை மாற்றிக்கொள்வார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. ஒரு நாளைக்கு ஒரு முறை வருகிற சாட்சி, அந்த ஒரு நொடியைத்தான் சொல்லும். இரவில் திறந்துவிடப்படும் புகைக்கு அது சாட்சி அல்ல.

ஒரு சதுரத்துக்குள் ஊரும் சேரியும்

இப்போது அண்ணனின் கேள்விக்கு நெருங்கி வருகிறோம்.

ட்ரோபோமி பார்க்கிற ஒரு கட்டம் சுமார் ஐந்தரை கிலோமீட்டர் நீளம், மூன்றரை கிலோமீட்டர் அகலம். ஓமியின் கட்டம் இன்னும் பெரியது, 13-க்கு 24 கிலோமீட்டர். அந்தக் கட்டத்துக்குள் பழமலைநாதர் கோயில் தேர் வீதியும் இருக்கும், ஜங்ஷனும் இருக்கும், பீங்கான் தொழிற்பேட்டையும் இருக்கும், காலனியும் இருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு எண். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் உள்ள கோட்டைச் செயற்கைக்கோள் பார்ப்பதில்லை. அது சாதி பார்க்காத கண் என்று சந்தோஷப்படலாம். சாதி வாழ்வதைப் பார்க்கத் தெரியாத கண் என்றும் சொல்லலாம். சராசரி என்பது பல சமயம் பாதிக்கப்பட்டவரைப் பாதிக்கப்படாதவருக்குள் ஒளித்து வைக்கிற வித்தை.

அடுத்தது காற்றின் திசை. நெய்வேலி நமக்குக் கிழக்கே இருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று அடிக்கும்போது புகை கடலைப் பார்த்துப் போகும். ஐப்பசி தொடங்கி வாடைக்காற்று வந்தால் அது நம்மைப் பார்த்துத் திரும்பும். அந்த மாதங்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. மேகம் மூடிக்கொண்டால் ஓமியும் ட்ரோபோமியும் கீழே பார்க்க முடியாது. புகை நம் பக்கம் வருகிற பருவத்தின் பெரும்பகுதியில் வானத்துச் சாட்சி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. மேகம் இல்லாத நாட்களை மட்டும் கூட்டி ஆண்டுச் சராசரி போட்டால், நமக்கு மோசமான நாட்களில் பல கழிந்துபோன சராசரிதான் வரும். தை, மாசியில் வாடை நிற்கும்போதே வானம் தெளியும். விருத்தாசலத்தைப் பற்றி மேலிருந்து பேச விரும்புகிறவர்கள் அந்த மாதங்களைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். மழை மாதங்களுக்குத் தரையில் கருவி வைத்தே தீர வேண்டும்.

இந்த வகைத் தரவைச் சமூக நீதிக்குப் பயன்படுத்த முடியாதா? முடியும். அமெரிக்காவில் 1982-இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் வாழும் இடத்தில் நச்சுக் குப்பை கொட்டுவதற்கு எதிராக மக்கள் லாரிகளின் முன் படுத்தார்கள். அதிலிருந்து சுற்றுச்சூழல் நீதி இயக்கம் வளர்ந்தது. 2021-இல் ஆய்வாளர்கள் ட்ரோபோமி தரவையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தார்கள். ஊரடங்கில் காற்று எல்லா இடத்திலும் தெளிந்தது. ஆனாலும் வெள்ளையர் மிகக் குறைவாக வாழும் பகுதிகள் ஊரடங்கின்போது சுவாசித்த காற்று, வெள்ளையர் மிக அதிகமாக வாழும் பகுதிகள் ஊரடங்குக்கு முன் சுவாசித்த காற்றைவிடக் கெட்டதாக இருந்தது. நடவடிக்கை எல்லோருக்கும் பலன் தந்தது, ஏற்றத்தாழ்வு மட்டும் அப்படியே நின்றது. அதே 2021-இல் இந்தியாவின் மாவட்டங்களை வைத்தும், செயற்கைக்கோள்வழி பிஎம் 2.5 கணிப்பையும் பட்டியல் சாதி மக்களின் விகிதத்தையும் ஒப்பிட்ட ஆய்வு வந்திருக்கிறது. மாவட்ட அளவில் இதைச் செய்ய முடிகிறதென்றால் தெரு அளவில் ஏன் செய்யக் கூடாது? செய்ய வேண்டிய கருவிகளைத் தெருவில் வைக்காததுதான் காரணம்.

1927 மார்ச் 20-இல் பாபாசாகேப் மகாத் குளத்துக்கு நடந்து போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். குடிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட நீருக்கான போராட்டம் அது. நம்முடைய காலத்தில், சுவாசித்தே ஆக வேண்டும் என்று நம்மீது சுமத்தப்பட்ட காற்றுக்கான போராட்டமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. குளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். காற்றைச் சுற்றி எழுப்ப முடியாது. அதனால் புகை விழுகிற இடத்தில், கழிவு கொட்டுகிற இடத்தில் நம்மைக் குடிவைத்தார்கள். அல்லது நாம் குடியிருக்கிற இடத்தில் புகையைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஷெட்டுக்குள்

இப்போது ஷெட்டுக்குள் நுழைவோம். வெண்களி, படிகக்கல் தூள், ஃபெல்ட்ஸ்பார். இவற்றை அரைத்துக் கலந்து, கரைத்து, அச்சில் ஊற்றி, காயவைத்து, பிசிறு சீவி, மெருகு பூசி, சூளையில் வேகவைத்தால் பொம்மை, விளக்கு, கோப்பை, பியூஸ் கேரியர். கொலுவில் நம்முடைய கை செய்த சாமி உட்காரும்.

அந்தப் படிகக்கல் தூளில் இருப்பது சிலிக்கா. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தெரியாத அளவுக்குச் சிறிய துகள்தான் நுரையீரலின் அடிவரை போகும். போனது வெளியே வராது. அதைச் சுற்றி நுரையீரல் தழும்பாக இறுகும். இதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர். தழும்பைக் கரைக்க மருந்து இல்லை. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதாகத் தொற்றும், இரண்டும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தெரியவும் கூடும். அண்ணனுக்கு நடந்தது போல, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றுக்கு மருந்து தின்று செத்தவர்கள் நாடெங்கும் உண்டு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிகோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தது. 1923 இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்வழி நோய்ப் பட்டியலிலும் இருந்தது. சட்டத்தில் நோய் இருக்கிறது, சீட்டில் இல்லை. சீட்டில் இல்லாத நோய்க்கு இழப்பீடு யார் தருவார்கள்?

அண்ணா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். ஷெட்டு தெரியாது. எந்தச் செயற்கைக்கோளும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தாண்டி உள்ளே பார்க்காது. நமது சூளைகளின் புகைகூட அதன் பெரிய கட்டத்துக்குள் கரைந்துபோகும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், இங்கிலாந்தின் ஸ்டோக் நகரத்துக்கு இது நடந்தது. உலகப் பீங்கானின் தலைநகரம் அது. நிலக்கரிச் சூளைகளின் புகையில் பகலும் இருட்டாக இருக்கும். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. மின்சாரச் சூளையும் எரிவாயுச் சூளையும் வந்தன. வானம் தெளிந்தது. அன்றைக்குச் செயற்கைக்கோள் இருந்திருந்தால் முழு வெற்றி என்று எழுதியிருக்கும். ஆனால் அங்கே தொழிலாளிகளைக் கொன்றது வெளிப்புகை மட்டும் அல்ல. ‘குயவர் நோய்’ என்றே பெயர் வாங்கிய சிலிகோசிஸ், கூரைக்குக் கீழே இருந்தது. அதற்குத் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. சூளையில் அடுக்கும்போது தூவிய சிலிக்கா தூளைத் தடைசெய்து, பதிலுக்கு அலுமினா தூள் பயன்படுத்த வைத்த விதிகள் 1947-இல் வந்தன. காய்ந்த தரையைப் பெருக்காதே, ஈரத்தில் துடை; தூசி எழும் இடத்திலேயே உறிஞ்சி எடு என்பவை அந்தத் தொழிலின் அடிப்படைப் பாடங்கள் ஆயின. இவற்றில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஈரத் துணியும் உறிஞ்சு விசிறியும்தான். அதைக்கூடச் செய்யாமல் விடுவதற்குக் காரணம் பணம் மட்டும் அல்ல. உள்ளே நிற்பவர் யார் என்பதும்தான்.

நாங்கள் கேட்பது

செயற்கைக்கோள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தக் கண் நமக்கு வேண்டும். நெய்வேலியின் வானத்தைப் பற்றிப் பெரிய நிறுவனத்தோடும் அரசோடும் பேச அதைவிட நல்ல ஆவணம் இல்லை. ஆனால் ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். மூன்று சாட்சிகள் வேண்டும்: வானத்திலிருந்து ஒன்று, தெருவில் ஒன்று, உடம்பில் ஒன்று.

தெருவில் என்றால், வாடைக்காற்று வருகிற பக்கத்தில், காலனிக்குள், இரவும் பகலும் அளக்கும் கருவி. அதன் எண் தமிழில், எல்லோரும் படிக்கிற உயரத்தில். இந்திய வரம்பு பிஎம் 2.5-க்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5. இரண்டையும் பக்கத்தில் எழுதி வையுங்கள், மக்கள் தாமே ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

உடம்பில் என்றால், பீங்கான் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மார்பு எக்ஸ்ரே, நுரையீரல் திறன் சோதனை. வெளிநோயாளிச் சீட்டில் ‘என்ன வேலை’ என்று ஒரு கட்டம். அந்த ஒரு கட்டம் இருந்திருந்தால் அண்ணனின் கதை வேறாக இருந்திருக்கும். ராஜஸ்தான் அரசு 2019-இல் சிலிகோசிஸ் தொழிலாளர்களுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். தூய்மைப் பணியாளர்களையும் அந்தச் சோதனையில் சேருங்கள்.

நடவடிக்கைகளை மதிப்பிடும்போது, நகரத்தின் சராசரி எவ்வளவு குறைந்தது என்பதோடு, அதிகம் சுவாசித்தவருக்கு எவ்வளவு குறைந்தது என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டாவது எண் இல்லாத வெற்றி அறிக்கை எதையும் நாங்கள் ஏற்க மாட்டோம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு கருவி வைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ட்ரோபோமி தரவு உங்கள் கைப்பேசிக்கே வரும். ஒருவர் அதை இறக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் தினமும் காற்றின் திசையை எழுதுங்கள். இன்னொருவர் தெருவில் யாருக்கு எப்போது மூச்சு வாங்கியது, அவர் எந்த ஷெட்டில் எத்தனை வருடம் நின்றார் என்று நோட்டில் எழுதுங்கள். நமது மன்றத்தின் பெண்கள் அப்படி ஒரு நோட்டை ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள். அதன் முதல் பக்கத்தில் அண்ணனின் பெயரும், அவர் பார்த்த வேலையும், அவர் வேலை பார்த்த ஆண்டுகளும் இருக்கின்றன. சான்றிதழில் விடுபட்டதை நாங்கள் எங்கள் கையெழுத்தில் எழுதியிருக்கிறோம். அதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஷெட்டாகச் சொன்னவர் அவர் மனைவி.

வானத்துப் படமும் அந்த நோட்டும் ஒரே மேசையில் வைக்கப்படுகிற நாளில்தான் காற்றைப் பற்றிய கணக்கு நேர்மையாகத் தொடங்கும். அந்த மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி வேண்டும். அதைக் கேட்கத்தான் கூடியிருக்கிறோம்.